திரையில் மயில் கழுத்து, தாளில் மங்கல் நீலம்

கம்ப்யூட்டரில் பார்த்த நிறம் அச்சில் வரவில்லை என்பது இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். மெஷினைத் திட்டுவது சுலபம். ஆனால் திரைக்கும் தாளுக்கும் நடுவே இருந்த ஓர் ஆள் காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை.

புனே விமான நிலையத்துக்கு அருகே இருக்கிறது விமான் நகர். சாஃப்ட்வேர் அலுவலகங்கள், 2011-ல் திறக்கப்பட்ட ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி வணிக வளாகம், சிம்பயாசிஸ் கல்லூரிகள் என்று இங்கே பார்க்கும் எதுவும் பழசல்ல. அந்தக் கல்லூரிகளில் ஒன்று, 2004-ல் தொடங்கப்பட்ட சிம்பயாசிஸ் வடிவமைப்புக் கல்லூரி. போஸ்டர், பிஸ்கட் பாக்கெட், விசிட்டிங் கார்டு, கம்பெனி முத்திரை என்று இந்த வட்டாரத்தில் நாள் முழுவதும் படங்கள் பிறக்கின்றன. பிறப்பதெல்லாம் திரையில்.

சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிப் பழைய புனே. நாராயண் பேட், சதாசிவ் பேட் சந்துகளில் இன்னமும் மை வாசனை அடிக்கிறது. புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று தலைமுறைகளாக அச்சடித்துப் பழகிய இடம். விமான் நகரின் திரையில் பிறந்த படம், பேட்டையின் தாளில் இறங்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

அது எப்படிப்பட்ட தகராறு? விமான் நகரில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகையை மணப்பெண்ணின் தங்கையே லேப்டாப்பில் வடிவமைக்கிறாள். அக்காவின் பட்டுப்புடவையைப் போல மயில் கழுத்து நிறத்தில் பின்னணி. சுற்றிலும் பொன்னிற பார்டர். மேலே அடர்நீலத்தில் பிள்ளையார். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா முதல் அத்தை வரை பாராட்டுகிறார்கள். ஃபைல் சிவகாசிக்குப் போகிறது. 1,000 பிரதி பார்சலில் வந்து இறங்குகிறது. பிரித்துப் பார்த்தால் மயில் கழுத்து சாயம் போன நீலமாக, பொன்னிறம் கடுகை அரைத்த நிறமாக, பிள்ளையார் கத்தரிப்பூ நிறத்தில். கல்யாணத்துக்கு இன்னும் 25 நாள். மறுபடி அச்சடிப்பதென்றால் பணம் யாருடையது?

அச்சகத்துக்காரர் ஃபைலில் உள்ள எண்களைக் காட்டுவார். தங்கை தன் திரையைக் காட்டுவாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் இந்தச் சண்டை தீர்வதில்லை.

ஒளி வேறு, மை வேறு

கம்ப்யூட்டர் திரையும் செல்போன் திரையும் ஒளியை உமிழ்பவை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் அவை மற்ற நிறங்களைக் காட்டுகின்றன. மூன்றும் முழு வீச்சில் எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கருப்பு.

தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியனோ ட்யூப் லைட்டோ தரும் வெளிச்சம் தாளில் விழுகிறது. மை அதில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் நிறம் என்கிறோம். அச்சில் பயன்படும் மைகள் நான்கு: சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கருப்பு. திரையில் நிறங்கள் சேரச் சேர வெளிச்சம் கூடும். தாளில் மை சேரச் சேர வெளிச்சம் குறையும். இரண்டும் எதிரெதிர் திசையில் போகிற கணக்குகள்.

இதனால் திரையில் ஜொலிக்கும் சில நிறங்களுக்கு நாலு மையில் இடமே கிடையாது. கிளிப்பச்சை, பளீரென்ற ஆரஞ்சு, மின்னும் நீலம் ஆகியவை முதலில் அடிபடுபவை. நீலத்தின் கதை இன்னும் மோசம். திரையின் சுத்த நீலத்தை அச்சுக்கு மாற்றினால் சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்டச் சம அளவில் வந்து உட்காரும். தாளில் மெஜந்தாவின் கை ஓங்கி, நீலம் கத்தரிப்பூவாகிவிடும். சயானைவிட மெஜந்தா 30 புள்ளியாவது குறைவாக இருக்கட்டும் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவர்களின் பழைய கணக்கு. பிள்ளையாரின் நிறம் மாறியதற்கு இதுதான் காரணம்.

எல்லாமே நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. சுத்தமான சயான் மையின் நிறத்தைச் சாதாரண கம்ப்யூட்டர் திரையால் முழுசாகக் காட்ட முடியாது. தாளுக்கும் அதற்கே உரிய நிறங்கள் உண்டு. திரையை மட்டும் பார்த்து வடிவமைப்பவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை.

மளவலி முதல் கோவில்பட்டி வரை

இந்தத் தகராறு கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. ஓர் ஊடகத்தில் உருவான படத்தை இன்னொன்றில் அச்சடிக்கும்போதெல்லாம் இருந்ததுதான். அதில் புனேவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1878-ல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கரும் நண்பர்களும் இங்கே தொடங்கிய சித்ரசாலா அச்சகம், தெய்வங்களையும் மராட்டிய சரித்திர நாயகர்களையும் கலரில் அச்சடித்து வீடுகளின் சுவருக்குக் கொண்டுபோனது. 1894-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட ராஜா ரவிவர்மாவின் அச்சகம், 1899-ல் இதே புனே மாவட்டத்தில் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம் மாறியது. ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரே பின்னர் அச்சகத்தை விலைக்கு வாங்கினார்.

அங்கே நடந்த வேலை என்ன? ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் எந்த இடத்தில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று கண்ணாலேயே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். கல்லில் கையால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு ஒரே தாளை ஒவ்வொரு கல்லின் மீதும் இம்மி பிசகாமல் அழுத்தி எடுக்க வேண்டும். ஓவியத்தில் இருந்த எல்லாமே தாளுக்கு வந்துவிடவில்லை. எதை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்று அந்தக் கல்லில் வரைந்தவர் முடிவு செய்தார்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் காலண்டராக ஊர் ஊராகப் போனார்கள். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிக் காலண்டரில் பேரெடுத்த ஊர் சிவகாசி. ஓவியரின் தூரிகைக்கும் மெஷினுக்கும் நடுவே அங்கேயும் ஒரு கை இருந்தது.

பிறகு கல் போய் பிலிம் வந்தது. நிறத்தைப் பிரிக்க கேமராவும் வடிகட்டிக் கண்ணாடிகளும் வந்தன. அதற்குப் பின் டிரம் ஸ்கேனர். 1990-களில் பெரிய நகரங்களில் அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருந்தன. ஸ்கேனர் ஆபரேட்டரின் மேஜைக்கு ஒரு ஸ்லைடு வந்தால், ஆர்ட் பேப்பரா செய்தித்தாளா என்று கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவார். முகத்தில் சிவப்பு ஏறாமல், புடவையில் பச்சை மங்காமல் எண்களைத் திருத்துவது அவர் வேலை. வாடிக்கையாளருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

1985-ல் பேஜ்மேக்கர், 1989-ல் கோரல்டிரா, 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தன. அடுத்து கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் போடும் முறையும் வந்தது. பிலிம் தேவையில்லை என்றானதும் அந்த மேஜையும் தேவையில்லாமல் போனது. ஆபரேட்டர் செய்த வேலை மட்டும் எங்கும் போகவில்லை. லேப்டாப் வைத்திருக்கும் தங்கையின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய அனுபவம் கூடவே வரவில்லை. கல்யாணப் பத்திரிகையின் நிறம் மாறியதன் நிஜமான காரணம் இது.

நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர்

போன ஆளுக்குப் பதிலாகத் தொழில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட், அக்ஃபா உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி. என்ற சர்வதேச வண்ணக் கூட்டமைப்பை உருவாக்கின. அது கொண்டுவந்த யோசனை எளிமையானது. ஒவ்வொரு திரைக்கும், ஒவ்வொரு பிரிண்டருக்கும், ஒவ்வொரு வகைத் தாளுக்கும் ஒரு சின்ன ஃபைல். அதற்கு புரொஃபைல் என்று பெயர். இந்த மெஷினில் இந்தத் தாளில் இந்த அளவு மை போட்டால் கண்ணுக்கு இந்த நிறம் தெரியும் என்ற அட்டவணை அது. இரண்டு புரொஃபைல்கள் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிறத்தை மொழிபெயர்க்கலாம். எந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் ஈடு இல்லை என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

1996-ல் ஹ்யூலெட் பக்கார்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது அளவை முன்வைத்தன. சாதாரணக் கம்ப்யூட்டர் திரைகளின் நிற எல்லையை ஒட்டி வகுத்தது அது. 1999-ல் சர்வதேசத் தரமானது. இன்றுவரை திரைப் படங்களின் பொது மொழி அதுதான். புதிய செல்போன்கள் அதைவிட அகலமான நிற எல்லையில் படமெடுக்கின்றன. ஐபோன் 2016 முதல் அப்படி. புரொஃபைலைப் படிக்காத பழைய சாஃப்ட்வேரில் அந்தப் படத்தைத் திறந்தால் நிறம் செத்துக் கிடக்கும். படம் கெட்டுவிடவில்லை, மொழி புரியவில்லை என்று அர்த்தம்.

இந்த மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த நடைமுறையில் ஒரே நிபந்தனைதான். படம் எங்கே போகப் போகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இன்று அது போகக்கூடிய வழிகள் நான்கு. நான்குக்கும் விதி வேறு.

முதல் வழி, கலர் லேப். ஸ்டுடியோக்கள் கொடுக்கும் ஃபோட்டோ பிரிண்ட், தாளில் மை தடவி வருவதல்ல. ஒளியுணரும் ஃபோட்டோ தாளில் லேசர் ஒளியால் படத்தைப் பதித்து, ரசாயனத்தில் கழுவி எடுப்பது. 1996-ல் வந்த ஃபூஜி ஃபிரான்டியர் இந்த வகையில் பேர் போனது. இதற்குப் படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.யில்தான் தர வேண்டும். அச்சு என்றதும் நாலு மைக்கு மாற்றிக்கொண்டு வந்தால் காரணமில்லாமல் நிறத்தை இழக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, ஆஃப்செட். சிவகாசியும் நாராயண் பேட்டும் இந்த வழி. ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது இதுதான் மலிவு. நாலு மை, நாலு பிளேட். படத்தை நாலு மைக்கு மாற்றத்தான் வேண்டும். எந்தப் புரொஃபைலுக்கு என்பதை அச்சகத்தைக் கேட்டு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, டிஜிட்டல் பிரஸ். பிளேட் கிடையாது. ஒரே ஒரு பிரதியும் எடுக்கலாம். கல்லூரி மாணவர்களின் போர்ட்ஃபோலியோ, 50 பேருக்கான அழைப்பிதழ் எல்லாம் இதில்தான் அதிகம். டோனரோ திரவ மையோ பயன்படுகிறது. ஒரு கடை மெஷினின் நீலம் பக்கத்துக் கடையில் அப்படியே வராது.

நான்காவது, வீட்டு இங்க்ஜெட். நல்ல ஃபோட்டோ தாளும் கம்பெனி மையும் போட்டால், ஆறு எட்டு மை உள்ள ஃபோட்டோ பிரிண்டர் ஆஃப்செட்டைவிடக் கூடுதலான நிறங்களைக் காட்டும். செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று வைத்துவிட்டு ஃபோட்டோ தாளைச் செருகினால் மை அளவு தப்பிவிடும். மலிவு மையை ஊற்றினால் கம்பெனி கொடுத்த புரொஃபைல் பயனில்லாமல் போகும்.

இருட்டாக வரும் படங்கள்

நிறம் மாறுவதைவிடப் பரவலான புகார் வேறொன்று: படம் இருட்டாக வந்துவிட்டது. இதற்குப் பெரும்பாலும் மெஷின் காரணமே அல்ல. திரையின் வெளிச்சம்தான் காரணம்.

கடையில் வாங்கிய மானிட்டர் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில்தான் வருகிறது. அச்சுக்கான படத்தைத் திருத்துபவர்கள் அதைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற அளவுக்குக் குறைத்துவைப்பார்கள். இன்றைய நல்ல செல்போன்கள் வெயிலில் 1,000 கேண்டெலாவைத் தாண்டி எரிகின்றன. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் நிழலில் நிற்கும் பாட்டியின் முகம்கூடத் தெளிவாகத் தெரியும். தாளில் அதே முகம் கரிப்பிடித்த மாதிரி வரும். தாளுக்கு அறை வெளிச்சத்தைத் தவிர வேறு கதி கிடையாது.

அளவுக் கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. திரையில் வெற்றுப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரியும் தாள் சாம்பல் மாதிரியும் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' செட்டிங்கையும் அப்படியே. இவ்வளவு செய்தாலே பாதிப் புகார் வராது.

அடுத்தது, பிரிண்டை எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பது. இதை நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புடவைக் கடையில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த சேலையை, பில் போடும் முன் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது காலங்காலமான வழக்கம். கடைக்குள் அரக்கு மாதிரி தெரிந்தது வாசலில் மெரூன் ஆகிவிடும். இரண்டு நிறங்கள் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சுத் துறை இதற்கென்றே ஒரு தரமான வெளிச்சத்தை வகுத்திருக்கிறது. 5,000 கெல்வின் வெப்பநிலைக்கு ஈடான, மஞ்சளும் அல்லாத நீலமும் அல்லாத பகல் வெளிச்சம். நல்ல அச்சகங்களில் அந்த வெளிச்சம் தரும் பெட்டி இருக்கும். இல்லாத இடத்தில் நேர்வெயில் படாத ஜன்னலோரம் போதும்.

வாட்ஸ்அப்பில் வந்த தாத்தா

கல்யாணப் பத்திரிகையை மறுபடி அடிக்கலாம். மறுபடி எடுக்க முடியாத படங்களும் உண்டு.

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிறார். சில மணி நேரத்தில் மாலை போட ஒரு படம் வேண்டும். நல்ல படம் யாரிடம் இருக்கிறது என்று தேடுகிறார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு காதுகுத்தில் எடுத்தது, குழுவில் ஒருவர் போட்டது, அதை இன்னொருவர் தள்ளிவிட்டது என்று ஒரு படம் கிடைக்கிறது. கூட்டத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி, 12-க்கு 18 அங்குலத்தில் பிரேம் போடச் சொல்கிறார்கள். வந்த படத்தில் கண்கள் இரண்டு கறையாக இருக்கின்றன. அந்தப் படம்தான் இனி வருஷக்கணக்கில் சுவரில் தொங்கும்.

கணக்கு இதுதான். அருகில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அளவு. 4-க்கு 6 அங்குல ஃபோட்டோவுக்கு 1,200-க்கு 1,800 புள்ளி. ஏ4 தாளுக்கு 2,480-க்கு 3,508. 12-க்கு 18 பிரேமுக்கு 3,600-க்கு 5,400. எட்டிநின்று பார்க்கும் சுவர்ப் படம் என்பதால் அதில் பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். வாட்ஸ்அப் வழக்கமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 1,600 புள்ளிதான். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது சில நூறு. ரோட்டோர ஃப்ளெக்ஸ் பேனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அதற்கு இது தாங்கும். கைக்கெட்டும் பிரேமுக்குத் தாங்காது.

2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் எச்.டி. வசதியைக் கொண்டுவந்தது. அதிலும் படம் ஓரளவு சுருங்கத்தான் செய்கிறது. படத்தை டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்த அளவிலேயே போய்ச்சேரும். பெரியவர்களின் நல்ல படம் யாருடைய போனில் இருக்கிறதோ, அந்த மூல ஃபைலை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வது வீட்டுக்கு ஒருவர் செய்ய வேண்டிய வேலை. சுருங்கிய படத்தில் போன விவரம் போனதுதான். கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பித் தரும் கண்ணும் மூக்கும் தாத்தாவுடையது ஆகாது.

பொன்னும் கருப்பும்

கல்யாணப் பத்திரிகையின் பொன்னிறத்துக்கு வருவோம். திரையில் பொன் என்பது வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்புவரை சாய்த்துத் தீட்டிய ஒரு தோற்றம். பின்னாலிருந்து ஒளி வருவதால் அது மின்னுவது போலிருக்கும். அச்சின் நாலு மையில் தங்கம் கிடையாது. மஞ்சளும் மெஜந்தாவும் கொஞ்சம் கருப்பும் சேர்ந்தால் கடுகுதான் வரும். நிஜப் பொன் வேண்டுமென்றால் உலோகத் துகள் கலந்த ஐந்தாவது மை போட வேண்டும், அல்லது சூட்டில் பொன் ஃபாயில் ஒட்ட வேண்டும். இரண்டையும் சிவகாசி நன்றாகவே செய்யும். முதலிலேயே கேட்டு, ஃபைலில் அதற்குத் தனித் தட்டு ஒதுக்க வேண்டும்.

மயில் கழுத்துக்கும் இதே மருந்துதான். நாலு மையில் எட்டாத நிறத்தை, முன்கூட்டியே கலந்துவைத்த தனி மையாகப் போடலாம். 1963 முதல் புழக்கத்தில் இருக்கும் பான்டோன் அட்டைகள் இதற்காகவே வந்தவை. எண்ணைச் சொன்னால் அந்த மை. கூடுதல் செலவு உண்டு. புடவையின் நிறம்தான் முக்கியம் என்றால் அது வீண் செலவல்ல.

கருப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. திரையின் கருப்பை அப்படியே மாற்றினால் நாலு மையும் சேர்ந்த கருப்பாகிவிடும். படத்தின் பின்னணிக்கு அது அழகு. பொடி எழுத்துக்கு ஆபத்து. நாலு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். புனேவின் மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்து விரியும்போது இந்த விலகல் அதிகம். சிவகாசியின் வறண்ட வெயில் தொழிலுக்குத் துணையானது என்று சொல்வது சும்மா அல்ல. எழுத்து எப்போதும் கருப்பு மையில் மட்டும் இருக்கட்டும்.

நாலு மையின் சதவீதங்களையும் கூட்டினால் ஆர்ட் பேப்பரில் சுமார் 300, செய்தித்தாளில் சுமார் 240 என்பது வழக்கமான வரம்பு. அதைத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நின்று பளபளக்கும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரவி, படம் கனத்து மங்கும். மேட் லேமினேஷன் பளபளப்பைக் குறைக்கும், பளபளப்பு லேமினேஷன் கருப்பை ஆழமாக்கும். ஒரே ஃபைல், தாளுக்குத் தாள் வேறு முகம் காட்டும்.

கையெழுத்துப் போட்ட தாள்

இவ்வளவையும் ஒரு குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டுமா? தேவையில்லை. புரூஃப் கேட்டால் போதும்.

புரூஃப் என்பது மெயிலில் வரும் பி.டி.எஃப். அல்ல. அதையும் திரையில்தான் பார்க்கப்போகிறோம். அச்சடிக்கப்போகும் தாளில், அச்சகத்தின் புரொஃபைலை வைத்து எடுத்த ஒரு மாதிரி. சிவகாசியில் அடிப்பதானாலும் கூரியரில் வரவழைக்கலாம். அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லி, சம்மதமானால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித்தர வேண்டும். அடுத்து எது நடந்தாலும் பேச்சு அந்தத் தாளைப் பற்றித்தான். மெஷின் அதிலிருந்து விலகினால் அச்சகத்தின் பொறுப்பு. அதோடு ஒத்துப்போனால் வாடிக்கையாளரின் பொறுப்பு. ஒரு தாளின் செலவு, 1,000 பிரதியின் சண்டையைத் தீர்த்துவிடுகிறது. பக்கத்துத் தெரு டிஜிட்டல் கடையில் எடுத்த பிரதியைக் காட்டி ஆஃப்செட்டில் இதே மாதிரி வேண்டும் என்பது மட்டும் நியாயமல்ல. அது வேறு மெஷின், வேறு மை.

அச்சகங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சின்ன அச்சகங்களுக்கு வரும் ஃபைல்களில் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும், எங்கிருந்தோ எடுத்த தபால்தலை அளவு படம் இருக்கும், திரை நிறத்தில் விட்ட முத்திரை இருக்கும். அதையெல்லாம் சரிசெய்யும் வேலைக்கு அவர்களின் பில்லில் இடமே இருப்பதில்லை. அந்த ஸ்கேனர் ஆபரேட்டரின் சம்பளம் முன்பு கட்டணத்தில் சேர்ந்திருந்தது. இன்று வாடிக்கையாளர் அதைக் கொடுப்பதில்லை, அச்சகத்துக்காரர் கேட்கவும் துணிவதில்லை. ஃபைலைச் சரிபார்ப்பதற்கு ஒரு தொகை என்று தைரியமாக எழுதி வைக்கிற அச்சகம் ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. அது பழைய மேஜையை மறுபடி போடுகிறது.

இதைப் படித்துக்கொடுக்கும் இடங்களும் நாட்டில் இல்லாமலில்லை. புனே வித்யார்த்தி கிருஹத்தின் பொறியியல் கல்லூரியும் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியும் அச்சுத் தொழில்நுட்பத்தைப் பட்டப் படிப்பாகவே நடத்திவந்திருக்கின்றன. படம் உருவாக்கக் கற்பவர்களும் அச்சடிக்கக் கற்பவர்களும் தனித்தனி வளாகங்களில் படிக்கிறார்கள் என்பதுதான் குறை.

மளவலியில் கல்லில் வரைந்தவர் தன் கல்லையும் தாளையும் தெரிந்துகொண்ட பிறகே ஓவியத்தைப் பார்த்தார். இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் படம், பிறகு பாராட்டு, கடைசியில் அச்சகம். அதைத் திருப்பிப் போட ஒரு போன் போதும். லேப்டாப்பில் புதுப் பக்கத்தைத் திறக்கும் முன்பே அச்சகத்தைக் கூப்பிட்டு, எந்த மெஷின், எந்தத் தாள், எந்தப் புரொஃபைல் என்று கேட்டுவிட வேண்டும். மயில் கழுத்தை நாலு மையில் இழப்பதா, ஐந்தாவது மைக்குச் செலவழிப்பதா என்பது அப்போதே தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு 25 நாள் இருக்கும்போது தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.